கிராம சபையில் முடிவு எங்கே எடுக்கப்படுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வருடத்துக்கு ஆறு முறை ஊர் கூடி முடிவெடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கூட்டத்துக்குப் போய்விட்டு வருகிறவர்களைப் பிடித்து "இன்னைக்கு என்ன முடிவாச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. அது அவர்கள் குற்றம் இல்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில் பெரும்பாலும் முடிவு எதுவும் எடுக்கப்படவே இல்லை. பொருள் பட்டியல் தயாராகும்போது பாதி, கூட்டம் முடிந்து தீர்மானப் புத்தகத்தில் எழுதும்போது மீதி என்று முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு இடத்திலும் ஊர்க்காரர்கள் எப்படி நுழைவது என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க.

கிராம சபையும் ஊராட்சி மன்றமும் ஒன்றுதானே?

இல்லை, இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஊராட்சி மன்றம் என்பது தலைவரும் வார்டு உறுப்பினர்களும். அவர்கள் ஓட்டு வாங்கி வந்தவர்கள், அவர்களுக்கென்று தனிக் கூட்டம், தனித் தீர்மானம் உண்டு. கிராம சபை என்பது அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற அத்தனை பேரும். உங்கள் பெயர் பட்டியலில் இருந்தால் நீங்கள் உறுப்பினர், யாரும் உங்களைச் சேர்த்துக்கொள்ளத் தேவையில்லை, யாரும் நீக்கவும் முடியாது.

1992-ல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம்தான் கிராம சபைக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் கொடுத்தது. அதையொட்டி வந்தது தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. அதன் 3-வது பிரிவு கிராம சபையைப் பற்றியது. ஊராட்சியின் திட்டத்துக்கு ஒப்புதல், வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல், தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல், திட்டங்களின் பயனாளிகள் பட்டியலைப் பார்ப்பது, நடக்கிற வேலைகளை ஆய்வு செய்வது எல்லாம் சபையின் வேலை. வேலையைச் செய்வது மன்றம், செய்ததற்குப் பதில் சொல்ல வேண்டியது சபையிடம்.

எப்போது கூடும்?

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் இருந்தது. 2022-லிருந்து மார்ச் 22 (உலகத் தண்ணீர் தினம்), நவம்பர் 1 (உள்ளாட்சி தினம்) இரண்டும் சேர்ந்தன. இது தவிர சிறப்பு கிராம சபையும் கூட்டலாம். தேதி தள்ளிப்போவதும் உண்டு, 2024-ல் நவம்பர் 1 கூட்டம் தீபாவளியை ஒட்டி வந்ததால் நவம்பர் 23-க்குப் போனது.

எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும்?

மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இதைத்தான் அதிகாரிகள் 'கோரம்' என்பார்கள்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 8,000 பேர் வாழ்கிற ஊராட்சியில் 200 பேர் வந்தால் போதும், அந்த 200 பேர் சொன்னது ஊர் சொன்னதாக ஆகிவிடும். அந்த 200 பேர் யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பல ஊர்களில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை வேலை நடக்கிற இடத்திலிருந்து அப்படியே கூட்டிவந்து உட்காரவைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக் கோரம் காட்டுவார்கள். வந்தவர்களுக்கு எப்போது விடுவார்கள் என்பதுதான் கவலை, வெயில் வேறு. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன், கூட்டத்தில் தங்களுக்கு ஏதோ வேலை இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொன்னதே இல்லை.

இதையே திருப்பிப் பார்த்தால் உங்களுக்குச் சாதகம். 200 பேர் கூடுகிற கூட்டத்துக்கு ஒரு தெருவிலிருந்து 30 பேர், கேட்க வேண்டியதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு வந்தால், அந்தக் கூட்டத்தின் போக்கையே அவர்கள் மாற்றிவிடலாம்.

பேச வேண்டிய பொருள்களை யார் முடிவு செய்கிறார்கள்?

பெரும்பகுதி சென்னையிலிருந்து வருகிறது. ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி இயக்ககம் ஒரு பொருள் பட்டியல் அனுப்பும், அது மாவட்டம், ஒன்றியம் வழியாக ஊராட்சிச் செயலர் கைக்கு வந்து சேரும். அதனால்தான் கன்னியாகுமரியிலும் திருவள்ளூரிலும் ஒரே நாளில் ஒரே பட்டியலை வாசிக்கிறார்கள். பொது நிதிச் செலவினம், குடிநீர், கொசு ஒழிப்பு, சுகாதாரம், வீட்டு வசதித் திட்டம் என்று வரிசையாகப் போகும். அதில் தப்பு ஒன்றும் இல்லை, எல்லாமே ஊருக்கு வேண்டிய விஷயம்தான். ஆனால் உங்கள் ஊர்க் குளத்துக்கு வருகிற வாய்க்காலை யாரோ அடைத்துவிட்டார்கள் என்பது சென்னையிலிருந்து வருகிற பட்டியலில் இருக்காது. அது கடைசியில் இருக்கும் 'இதர பொருள்கள்' என்கிற ஒரே வரிக்குள் போய்விடும், அதற்குள் மணி ஒன்றரை ஆகியிருக்கும், முக்கால்வாசிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

எனவே கூட்டத்தன்று மைக் பிடித்துப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். கூட்ட அறிவிப்பு ஏழு நாள் முன்பாக வர வேண்டும். அறிவிப்பு வந்த உடனே (வருவதற்கு முன்பே என்றால் இன்னும் நல்லது) தலைவருக்கும் செயலருக்கும் எழுத்தில் மனு கொடுங்கள்: இன்ன விஷயத்தை இந்தக் கூட்டத்தில் தனிப் பொருளாக வைக்க வேண்டும் என்று. இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பொருளாக வந்துவிட்டால் அது பற்றித் தீர்மானம் எழுதியே ஆக வேண்டிய நிலை வரும். வாயால் மட்டும் சொன்னால் 'விவாதிக்கப்பட்டது' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட வழி இருக்கிறது.

கூட்டத்தில் உண்மையில் என்ன நடக்கும்?

பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேஜை, பின்னால் பிளக்ஸ். தலைவர் தலைமை வகிப்பார். ஒன்றியத்திலிருந்து பற்றாளர் என்று ஒரு அலுவலர் வந்திருப்பார், கூட்டம் விதிப்படி நடக்கிறதா என்று பார்த்து அறிக்கை கொடுப்பது அவர் வேலை. செயலர் பொருள்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். நிறுத்தாமல், மூச்சுவிடாமல் வாசிப்பவரும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்பவரும் உண்டு. அந்த ஒரு நிறுத்தத்தில்தான் கிராம சபையின் தரமே தெரியும் என்பது என் கருத்து. நிறுத்தவில்லை என்றால் நீங்கள் எழுந்து நிறுத்தச் சொல்லலாம், "அஞ்சாவது பொருளை இன்னொரு தடவை படிங்க" என்று சொல்ல யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. மேஜைக்குப் பக்கத்தில் நான்கைந்து பேர் சூழ்ந்து நின்று சத்தம் போட ஆரம்பித்தால் பின்னால் இருக்கிற பெண்களுக்கு ஒரு வார்த்தை கேட்காது, அந்த நேரம் பார்த்து மூன்று பொருள் கடந்து போயிருக்கும். முடிந்தால் முன்னால் உட்காருங்கள்.

ஓட்டெடுப்பு உண்டா?

அநேகமாக எங்கும் நடப்பதில்லை. 'ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது' என்றுதான் எழுதுகிறார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை என்றால் எல்லோரும் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும். உங்களுக்குச் சம்மதம் இல்லை என்றால் எழுந்து சொல்லுங்கள், சொன்னதோடு விடாமல் "என் ஆட்சேபணையைத் தீர்மானத்துல பதிவு பண்ணுங்க" என்று கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் எழுதாமல் இருப்பது கடினம், பற்றாளர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ஊர் பெரிதாகப் பிளந்து நிற்கிற விஷயம் என்றால் கை தூக்கச் சொல்லி எண்ணி, ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை என்று எழுதச் சொல்லுங்கள்.

தீர்மானம் எழுதுவதற்கு முன்பே கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான், நான் அதிகம் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான்.

நடப்பது இப்படி. கூட்டம் ஆரம்பிக்கும்போதோ முடியும்போதோ நீளமான புத்தகம் ஒன்று வரிசையாகக் கைமாறி வரும். உங்கள் கைக்கு வரும்போது மேல்பக்கம் காலியாக இருக்கும், கீழே வரிசை எண்ணும் கையெழுத்தும் மட்டும். எழுதத் தெரியாத பாட்டிகளுக்கு ஒருவர் ஊதா மை பேடு கொண்டுவந்து கட்டைவிரலைப் பிடித்து வைத்துவிட்டு, விரலைத் துடைக்க ஒரு துணியும் கொடுப்பார். எல்லாம் நல்லவிதமாகவே நடக்கும், யாரும் மிரட்ட மாட்டார்கள். "வருகைக்குத்தான், போடுங்க" என்பார்கள். வருகைக்குத் தனியாக ஒரு பதிவேடு இருந்தால் அதில் தாராளமாகப் போடலாம். ஆனால் அது தீர்மானப் புத்தகமாக இருந்தால், சாயங்காலமோ மறுநாளோ அந்தக் காலி இடத்தில் என்ன எழுதினாலும் அதற்கு நீங்கள் சாட்சி ஆகிவிடுகிறீர்கள்.

நிறைய செயலர்கள் இதைக் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. இருபது பொருளுக்கு மேல் இருக்கும், அங்கேயே உட்கார்ந்து எழுத நேரம் ஆகும், மக்கள் காத்திருக்க மாட்டார்கள், ஒரு ஆளே எல்லா வேலையும் பார்க்க வேண்டும். அவர்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் காலிப் பக்கத்தில் கையெழுத்து என்கிற பழக்கம் இருக்கிற வரைக்கும் நல்ல செயலர் இருக்கிற ஊர் தப்பிக்கும், மற்ற ஊர் மாட்டிக்கொள்ளும்.

செய்யக்கூடியது என்ன? நீங்கள் கொடுத்த பொருளுக்காவது அங்கேயே தீர்மானத்தை எழுதி, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எல்லாப் பொருளையும் அப்படிச் செய்ய முடியாமல் போகலாம், அந்த ஒன்றைச் செய்ய வைக்க முடியும். வாசித்ததற்குக் கீழே கோடு போட்டு, அதன் கீழ் கையெழுத்து. அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் யாராவது இருந்தால் செயலருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து எழுத உதவச் சொல்லலாம், பல செயலர்கள் சந்தோஷமாகவே ஒத்துக்கொள்வார்கள்.

தீர்மானத்தை எப்படி எழுதினால் வேலை நடக்கும்?

பெரும்பாலான தீர்மானங்கள் இப்படி இருக்கும்: 'கிழக்குத் தெருவில் நிலவும் குடிநீர்ப் பிரச்சினையைச் சரிசெய்ய நடவடிக்கை எடுக்கும்படி கிராம சபை கேட்டுக்கொள்கிறது.' படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் யார் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்று எதுவும் இல்லை. அடுத்த கூட்டத்தில் கேட்டால் "நடவடிக்கையில் இருக்கு" என்று சொல்லிவிடலாம், அதுவும் பொய் ஆகாது.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: 'கிழக்குத் தெரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் மோட்டார் பழுதாகி இருப்பதால் 60 குடும்பங்களுக்குத் தண்ணீர் இல்லை. ஊராட்சி பொது நிதியிலிருந்து மோட்டாரைப் பழுது பார்க்க வேண்டும். இந்தப் பணியை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் முடித்து, செலவு விவரத்தை அடுத்த கிராம சபையில் தலைவர் வாசிக்க வேண்டும்.' இப்போது ஆள் இருக்கிறது, பணம் வருகிற இடம் இருக்கிறது, தேதி இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் முதல் பொருளே சென்ற கூட்டத் தீர்மானங்களின் நிலை என்ன என்று கேட்பதாக இருக்க வேண்டும். இதைத் தொடர்ந்து கேட்கிற ஊரில் தீர்மானம் எழுதும் விதமே மெல்ல மாறிவிடும்.

பணம் எந்தத் தலைப்பில் இருந்து என்று எழுதுவது முக்கியம். ஊராட்சியின் சொந்த வரி வருமானம், நிதிக்குழு மானியம், திட்ட நிதி எல்லாவற்றுக்கும் தனித்தனி விதி உண்டு, ஒன்றுக்கு வந்த பணத்தை இன்னொன்றுக்கு எடுக்க முடியாது. செயலரிடம் முன்னாடியே போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கிராம சபைத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்துமா?

நேர்மையாகச் சொன்னால், எல்லா விஷயத்திலும் இல்லை. ஊராட்சியின் அதிகாரத்துக்குள் இருக்கிற விஷயங்களில் அதற்கு எடை அதிகம். கனிமம், தேசிய நெடுஞ்சாலை, மதுக்கடை உரிமம் போன்றவை ஊராட்சியின் கையில் இல்லை. ஊராட்சியின் தீர்மானத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கு 1994 சட்டத்தின் 202-வது பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. இது தெரியாமல் 'கிராம சபை தீர்மானம் போட்டால் உச்ச நீதிமன்றமே மாற்ற முடியாது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி இறங்கினால் பிறகு மனசு விட்டுப்போகும்.

சரி, அப்படியானால் எதற்கு? இரண்டு ஊர்க் கதை சொல்கிறேன்.

ஒடிசாவில் நியமகிரி மலை. அங்கே பாக்சைட் எடுக்க வேதாந்தா நிறுவனத்துக்காகத் திட்டம் போட்டார்கள். மலையைத் தெய்வமாக வணங்குகிற டோங்ரியா கோந்து மக்கள் எதிர்த்தார்கள். 2013 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம், அந்த மக்களின் உரிமையைக் கிராம சபைகளே கூடிச் சொல்லட்டும் என்றது. 12 கிராம சபைகள் கூடின, 12-லும் வேண்டாம் என்றார்கள். 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. அங்கே சபையின் சொல்லுக்கு அவ்வளவு வலு வந்ததற்குக் காரணம் 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம். அந்தச் சட்டம் பொருந்துகிற வனப்பகுதிகளில் கிராம சபையின் அதிகாரம் மற்ற இடத்தைவிடப் பெரியது. நீலகிரியிலோ சத்தியமங்கலத்திலோ இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நம் மதுரை மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது. அந்த மாதம் 23-ம் தேதி நடந்த கிராம சபைகளில் அரிட்டாபட்டியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. சட்டப்படி அந்தத் தீர்மானம் மத்திய அரசின் கையைக் கட்டாது. ஆனால் டிசம்பர் 9-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்கு மக்கள் நடந்தே போனார்கள், 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் 'நாலு பேர் தூண்டிவிடுகிறார்கள், ஊருக்கு ஆட்சேபணை இல்லை' என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி எழுத்தில் ஒரு சாட்சியம் முதலிலேயே விழுந்துவிட்டது. தீர்மானத்தின் வேலை பல சமயம் அதுதான்.

கணக்குக் கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள். கேட்க உரிமை உண்டா?

கேட்பதற்காகத்தான் சபையே. வரவு செலவுக் கணக்கைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும், அதன் சுருக்கத்தைப் படிவம் 30-ல் எழுதி எல்லோர் பார்வைக்கும் பிளக்ஸில் வைக்க வேண்டும் என்று ஆட்சியர்களின் அறிவிப்புகளிலேயே இருக்கும். கூட்டத்துக்குப் போனதும் முதலில் அந்த பிளக்ஸ் எங்கே என்று தேடுங்கள். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இரண்டு பேருடைய ஒப்புதலும் வேண்டும், அதனால் கேள்வியை இரண்டு பேரிடமும் கேட்கலாம்.

கேட்கிற விதத்தில் ஒரு விஷயம். "எல்லாப் பணத்தையும் தின்னுட்டாங்க" என்று ஆரம்பித்தால் பதிலுக்கு அதே மாதிரி ஒன்று வரும், கூட்டம் கலைந்துவிடும். "தெருவிளக்குக்கு இந்த வருஷம் எவ்வளவு, எத்தனை விளக்கு மாட்டினீங்க, எந்தத் தெருவுல?" என்று ஒரே ஒரு தலைப்பை எடுத்துக் கேளுங்கள். நேற்று ராத்திரி தெருவில் நடந்து விளக்கை எண்ணிவிட்டு வந்திருந்தால் இன்னும் நல்லது.

கணக்குக் கொடுக்காதவரை விடக்கூடாது என்பது நம் ஊரில் பழைய விஷயம். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. முப்பது குடும்புகள் (ஊரின் பகுதிகள்), பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொல்வது, இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். வாரியம் என்கிற ஊர்க் குழுவில் உறுப்பினராக இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி குடவோலைக்கே வர முடியாது என்று அதில் இருப்பதை அதிகம் பேர் சொல்வதில்லை. கூடவே இதையும் சொல்லியாக வேண்டும்: அது பிராமணர்களின் சபை, நிலமும் சொந்த வீடும் வேதப் படிப்பும் இருந்தால்தான் குடத்துக்குள் பெயர் போகும். ஊரில் மற்றவர்களுக்கு அங்கே இடமே கிடையாது. இன்றைய கிராம சபையில் 18 வயது ஆன எல்லோருக்கும் இடம் இருக்கிறது, அந்த விதத்தில் நம் கையில் இருப்பது உத்திரமேரூரைவிடப் பெரியது.

எங்கள் தெருக்காரர்கள் எழுந்து பேசினால் மற்ற சாதிக்காரர்கள் விடமாட்டார்கள். என்ன செய்வது?

இதற்கு எளிதான பதில் இருப்பதுபோல் எழுத எனக்கு மனசு வரவில்லை. இதே மேலூர்ப் பக்கம் மேலவளவில், தனித் தொகுதியான ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் உடனிருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் நான்கு ஊராட்சிகளிலும் தலைவர் பதவி பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டதற்காகவே 1996-லிருந்து பத்து வருடம் தேர்தலை ஒழுங்காக நடத்த விடவில்லை, 2006-ல்தான் நடந்தது. அந்தப் பாப்பாபட்டி கிராம சபையில் 2021 அக்டோபர் 2-ல் முதலமைச்சர் வந்து உட்கார்ந்தார். மாற்றம் வந்திருக்கிறது, ஆனால் 2020-ல்கூடக் கடலூர் மாவட்டத்தில் பட்டியல் இனத்தைச் சேர்ந்த ஒரு பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்த படம் வெளிவந்தது.

நடைமுறையில் கையில் இருப்பவை: மத சம்பந்தமான எந்த வளாகத்திலும் கிராம சபை நடத்தக்கூடாது என்று அரசு அறிவுறுத்தல் இருக்கிறது. கோயில் மண்டபத்தில் வைத்தால் யார் யார் வர முடியாமல் போகும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உடனே ஆட்சேபணை எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு கூட்டத்தையும் வேறு வேறு குக்கிராமத்தில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும், உங்கள் குடியிருப்பில் கடைசியாக எப்போது நடந்தது என்று கேளுங்கள். தனியாக எழுந்து பேச வேண்டாம், எழுதிய மனுவைப் பல பேர் கையெழுத்தோடு பற்றாளர் கையில் கொடுத்து, நகலை ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பேச்சில் அடக்கப்பட்டவர்களுக்கு எழுத்து ஒரு வழி.

பெண்கள் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 2016 திருத்தத்துக்குப் பிறகு உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. ஆனால் தலைவர் நாற்காலியில் மனைவி, மைக்கில் கணவர் என்று நடக்கிற கூட்டம் இன்னும் இருக்கிறது. அப்படி நடந்தால் "தலைவர் பதில் சொல்லட்டும்" என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்த அம்மாவுக்கும் அது உதவி.

ஊராட்சி தானாகப் பெரிய முடிவு எடுக்க முடியுமா, எல்லாம் மேலேயிருந்துதான் வருமா?

முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் ஒரு கோடியே 55 லட்ச ரூபாய் செலவில் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. பணத்தில் ஒரு பகுதி ஊராட்சி சேர்த்து வைத்தது, பெரும்பகுதி வங்கிக் கடன். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மின்கட்டணம் கட்டியே வருமானம் கரைகிறது என்று கணக்குப் பார்த்து எடுத்த முடிவு அது. தேவைக்குப் போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். வரி வசூல் ஒழுங்காக இருந்து, கணக்கு ஊருக்குத் தெரிந்தால்தான் கடன் வாங்குகிற துணிச்சல் ஓர் ஊராட்சிக்கு வரும். வீட்டு வரியைக் கட்டிவிட்டு ரசீதோடு கூட்டத்துக்குப் போங்கள், உங்கள் கேள்விக்கு மதிப்பு கூடும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் கிராம சபை உண்டா?

உண்டு. 2016 முதல் 2019 வரை உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். மன்றம் இல்லாமல் போகலாம், சபை ஒருபோதும் கலையாது, ஏனென்றால் அது வாக்காளர்கள். சொல்லப்போனால் அந்தக் காலத்தில்தான் அதிகம் போக வேண்டும், பணம் செலவாகிக்கொண்டேதான் இருக்கும், கேட்க ஊரில் வேறு ஆள் இருக்க மாட்டார்கள்.

நான் நகரத்தில் இருக்கிறேன், எனக்கு என்ன?

2022-லிருந்து மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் பகுதி சபை என்று ஒன்று வந்திருக்கிறது. பொருள் கொடுப்பது, தீர்மானத்தை வாசிக்கச் சொல்வது எல்லாம் அங்கேயும் அப்படியே பொருந்தும். சொந்த ஊரில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் ஊருக்குப் போகிற நாளைக் கூட்டத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள், ஆகஸ்ட் 15-ம் அக்டோபர் 2-ம் விடுமுறைதானே.

போட்ட தீர்மானத்தின் நகல் எப்படி வாங்குவது?

முதலில் செயலரிடம் நேரில் கேளுங்கள், பல இடத்தில் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பம் போடுங்கள், 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். 'தீர்மானம் பற்றிய தகவல்' என்று பொதுவாகக் கேட்காமல், 'இன்ன தேதியில் நடந்த கிராம சபையின் தீர்மானப் புத்தகத்தில் முதல் பக்கத்திலிருந்து கையெழுத்துகள் முடியும் பக்கம் வரை சான்றிட்ட நகல்' என்று கேளுங்கள். நகல் வந்ததும் உங்கள் கைப்பேசியில் இருக்கிற படத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இரண்டையும் இணைத்து ஆட்சியருக்கு மனு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுக்கலாம். ஒத்துப்போனால் அந்த நகலைத் தெருவில் நாலு பேரிடம் கொடுத்து வையுங்கள், அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் கையில் இருக்க வேண்டிய காகிதம் அது.